நாள்பட்ட தூக்கமின்மை உள்ளவர்களின் மூளையை ஸ்கேன் செய்தால் வித்தியாசம் தெரியுமா?

தெரியும். ஆனால் பலரை ஒப்பிட்டால்தான். ஒருவரின் ஸ்கேனை மட்டும் வைத்து இவருக்குத் தூக்கமின்மை இருக்கிறது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

இந்தத் துறையில் எனக்கு முக்கியமாகப் படுவது 2004-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எரிக் நோஃப்சிங்கர் குழு செய்த ஆய்வு. மூளை எவ்வளவு குளுக்கோஸைச் செலவழிக்கிறது என்று பெட் (PET) ஸ்கேனில் அளந்தார்கள். தூக்கமின்மை உள்ளவர்களின் மூளை விழித்திருக்கும்போதும் சரி, தூங்கும்போதும் சரி, மற்றவர்களைவிட அதிகமாகச் செலவழித்தது. விழிப்பைத் தக்கவைக்கும் தலாமஸ், ஹைப்போதலாமஸ் போன்ற பகுதிகள் தூக்கத்தில் போதுமான அளவு அடங்கவில்லை. பங்கேற்ற நோயாளிகள் வெறும் 7 பேர்தான், அதை மறக்கக் கூடாது. ஆனாலும் "படுத்திருந்தேன், தூங்கவே இல்லை" என்று ஒருவர் சொல்வதை வீட்டார் நம்ப மறுக்கும்போது, அந்தப் புகாருக்கு உடலில் ஓர் அடிப்படை இருக்கலாம் என்று இது காட்டுகிறது.

அப்புறம் 2013-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஒரு எஃப்எம்ஆர்ஐ (மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்று காட்டும் ஸ்கேன்) ஆய்வு. நினைவாற்றல் பணி கடினமாகும்போது மனம் அலைபாய்வதோடு தொடர்புடைய பகுதிகளின் செயல்பாடு வழக்கமாகக் குறையும். தூக்கமின்மை உள்ளவர்களிடம் அது சரியாகக் குறையவில்லை. ஆனால் அந்தப் பணியில் அவர்கள் எடுத்த மதிப்பெண்ணில் மற்றவர்களோடு பெரிய வித்தியாசம் இல்லை. பகலில் கவனம் சிதறுகிறது என்று அவர்கள் சொல்வதோடு, அந்தப் பகுதிகள் சரியாக அடங்காதது பொருந்துகிறது.

மூளையின் அமைப்பு, அதாவது சாம்பல் நிறப் பொருளின் (நரம்பு செல்கள் நிறைந்த மூளைத் திசு) அளவு பற்றிய முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. "தூங்காவிட்டால் மூளை சுருங்கிவிடும்" என்ற தலைப்புகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வித்தியாசம் தூக்கமின்மையால் வந்ததா, முன்பே இருந்ததா என்று ஒரே ஒரு முறை எடுத்த ஸ்கேன் சொல்லாது.