கிண்டிலில் புத்தகம் போட்டு ஒன்றரை வருடமாகியும் ஒன்றும் நடக்கவில்லை, விட்டுவிடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் மூன்று புத்தகம் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது, மாதம் நூறு ரூபாய்கூடத் தேறவில்லை, உங்களோடு சேர்ந்து தொடங்கிய தோழி மாதாமாதம் வருமான ஸ்கிரீன்ஷாட் போடுகிறார், அதைப் பார்த்தால் எழுதவே கை வரவில்லை. சரி. இதே வியாதி எனக்கும் மூன்று வருடம் இருந்தது, அந்த உரிமையில் சொல்கிறேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்குப் பார்க்கிறவன். நைட் ஷிப்ட் ஆட்களை வைத்து ஒரு நாவல் எழுதி 2018 கடைசியில் கிண்டிலில் ஏற்றினேன். அந்த வருடம் அமேசானின் பென் டு பப்ளிஷ் என்கிற எழுத்துப் போட்டியில் தமிழையும் சேர்த்திருந்தார்கள், அந்தப் பரபரப்பில் ஏற்றியவர்களில் நானும் ஒருத்தன். எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு அக்கா இருந்தார், அவரும் அதே மாதம்தான் கிண்டிலுக்கு வந்தார். ஆறு மாதத்தில் அவர் நாவல் விற்பனைப் பட்டியலில் மேலே நிற்கிறது, என்னுடையதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் விற்பனை ரிப்போர்ட், டீ குடிக்கும்போது ரிப்போர்ட், ராத்திரி படுக்கப் போகும்போது அந்த அக்காவின் ரேங்க். "ஷேர் மார்க்கெட்ல ஏதும் பணம் போட்டிருக்கீங்களா?" என்று வீட்டில் பயந்துபோய்க் கேட்டார்கள்.

ஒருநாள் ரோஷத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்த அக்காவுக்கே போன் போட்டுக் கேட்டேன். சிரித்தார். "கிண்டில்லதான் தம்பி இது முதல் புக்கு. அதுக்கு முன்னாடியே ஆறு வருஷமா தளத்துல எழுதிட்டிருக்கேன்" என்றார். குடும்ப நாவல் எழுதுகிற பெண்கள் தளங்களில் அத்தியாயம் அத்தியாயமாகப் போடுவார்களே, அவர்கள் வட்டத்தில் அதற்கு யூடி என்று பெயர். அடுத்த யூடி எப்போது என்று வாசகர்கள் குடைந்து எடுத்துவிடுவார்கள். இவர் நாலரை மணிக்கு எழுந்து, பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் கை வைப்பதற்குள் அன்றைய யூடியை முடித்துவிடுவாராம். தீபாவளி அன்றைக்கும் போட்டிருக்கிறார். மாவு ஆட்டும்போது தோன்றுகிற வசனத்தைப் போனில் பேசிப் பதிந்து வைப்பாராம், ஒன்றை எனக்கு அனுப்பினார், கிரைண்டர் சத்தத்துக்கு நடுவில் கதாநாயகி அழுதுகொண்டிருக்கிறாள். கதை முடிந்து கொஞ்ச நாளில் தளத்திலிருந்து தூக்கிவிட்டு கிண்டிலுக்குக் கொண்டுவருவார், அப்போது பாதியில் விட்டவர்களும் திரும்பப் படிக்க ஆசைப்படுகிறவர்களும் தயாராகக் காத்திருப்பார்கள். நான் என்னுடைய முதல் புத்தகத்தை அவருடைய பதினாலாவது கதையோடு வைத்துப் பார்த்து ஆறு மாதம் தூக்கம் கெட்டிருக்கிறேன்!

இன்னொன்று, அவருடையதும் என்னுடையதும் ஒரே கடைச் சரக்கு இல்லை. கிண்டில் அன்லிமிட்டெட் என்கிற சந்தாத் திட்டத்தில் புத்தகம் எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று எண்ணித்தான் காசு தருகிறார்கள். பக்கத்துக்குச் சில பைசாதான், அதுவும் மாதத்துக்கு மாதம் மாறும், ஒரே ஆள் இரண்டாவது தடவை படித்தால் அதற்குக் கிடையாது. ஐந்நூறு பக்கக் குடும்ப நாவலை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு அடுத்ததைத் திறக்கிற வாசகிகள் அந்த அக்காவுக்கு இருக்கிறார்கள். என் நாவலைப் படிக்கிறவர் பத்துப் பக்கம் படித்து, ரிங் ஃபிரேம் டிபார்ட்மெண்டில் பஞ்சு பறப்பதை யோசித்துவிட்டு, அடுத்த வாரம் வருவார். இரண்டும் நல்லதுதான், ஆனால் ஒரே தராசில் நிறுக்க முடியாது. அந்த ரேங்க் வேறு மணிக்கு மணி மாறும். நாலைந்து பேர் சேர்ந்தாற்போல் வாங்கினாலே சின்னப் பிரிவில் முதலிடத்துக்குப் போய்விடலாம், நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போயிருக்கிறேன், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். திங்கள்கிழமை வேலைக்குப் போவதற்குள் பழைய இடத்துக்கு வந்துவிட்டேன், அதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. உங்கள் தோழி போடுவதும் அவருக்கு நன்றாகப் போன மாதமாக இருக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதால் மனசு மட்டும் கெடும் என்று நினைக்காதீர்கள், பணமும் போகும். குழுவில் இன்னொருவர் சென்னைப் புத்தகக் காட்சியில் தன் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோ போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. சீட்டுப் பணம் 27,000 ரூபாயை எடுத்து முந்நூறு பிரதி அடித்தேன். அச்சகத்துக்காரர் பிழைதிருத்தப் பிரதி அனுப்பாமலேயே அடித்துத் தந்தார், பின்னட்டையில் என் பெயரிலேயே ஒரு எழுத்து இல்லை. கேட்டால் "சார், பின்னாடி யாரு பாக்கப் போறா?" என்றார். பரணில் இன்னும் 140 பிரதி இருக்கிறது. தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் கேட்கிற அன்று ஒரு பிரதி அடித்துக்கொள்ளலாம் என்று அப்போதே தெரியும். தெரிந்தும் போட்டோ ஆசை விடவில்லை.

இந்த அவசரம் நமக்கு மட்டும் வந்தது என்றும் இல்லை. பாரதியார் 1920-இல் கடையத்தில் இருந்துகொண்டு, தன் எழுத்தையெல்லாம் நாற்பது புத்தகமாக, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அடிக்கப்போவதாகவும் அதற்குக் கடன் தரும்படியும் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி விற்றுத் தீரும் என்று நம்பினார். கடன் கொடுக்க ஆள் வரவில்லை, அடுத்த வருடம் செப்டம்பரில் ஆளே போய்விட்டார். பொறுமையாக இருந்தால் பலன் நிச்சயம் என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும், அதனால் உங்களுக்கு அப்படி ஒரு வாக்குறுதி தரமாட்டேன்.

இனி உங்கள் விஷயம். உங்கள் மூன்று புத்தகமும் ஒன்று கவிதை, ஒன்று பேய்க்கதை, ஒன்று சுயமுன்னேற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் மூன்று புத்தகம் போடவில்லை, மூன்று முதல் புத்தகம் போட்டிருக்கிறீர்கள். பேய்க்கதை படித்துப் பயந்தவர் இன்னொன்று தேடி உங்கள் பக்கத்துக்கு வந்தால், அதிகாலையில் எழுந்து தியானம் செய்யச் சொல்கிறீர்கள். எது உங்களுக்குத் தானாக வருகிறதோ அதிலேயே இன்னும் இரண்டு எழுதிப் பாருங்கள், முதலாவதைப் படித்தவர் இரண்டாவதற்கு வருகிறாரா என்று மட்டும் பாருங்கள். என்னுடையதில் மூன்றாவது நாவல் வந்த பிறகுதான் முதலாவதற்கே பக்கங்கள் ஓட ஆரம்பித்தன. அதுவரை மாதம் இருபது ரூபாய், முப்பது ரூபாய்.

வேலையை விடுகிற யோசனை இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். ஜனவரியில் விற்றதற்கு மார்ச் கடைசியில்தான் பணம் வரும், பால்காரர் அதுவரை நிற்கமாட்டார். மாதச் செலவு வேறு எங்கிருந்தோ நடந்தால்தான் பொறுமை என்பதெல்லாம் சாத்தியம், எனக்கு அதைக் கொடுத்தது மில் சம்பளம். அப்புறம், தோழியின் ஸ்டேட்டஸை மியூட் செய்துவிடுங்கள். அவரிடம் வாரம் ஒரு தடவை போனில் பேசுங்கள், ஸ்கிரீன்ஷாட்டில் வராத கதையெல்லாம் அப்போதுதான் வரும். அந்த அக்காவிடம் நான் கற்றுக்கொண்டது, எந்த இடத்தில் அத்தியாயத்தை முடித்தால் வாசகர் திரும்ப வருவார் என்பது. ரேங்க் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் அது எனக்குக் கிடைக்கவில்லை.

ரிப்போர்ட்டை நான் இப்போது மாதம் முதல் தேதி மட்டும்தான் பார்க்கிறேன். இன்று பதினேழு. உங்களுக்குப் பதில் எழுத வேண்டுமே என்று ஒரு சாக்கு வைத்துத் திறந்தேன். நேற்று மூன்றாவது நாவலில் 41 பக்கம் ஓடியிருக்கிறது, ஒரே ஆள் என்றுதான் நினைக்கிறேன். 41 என்றால் ஏறக்குறைய மேஸ்திரி சாவியைத் தொலைக்கிற இடம். அங்கே ஏன் நிறுத்தினார் என்று தெரியவில்லை, நாளைக்கும் ஒருதடவை திறந்து பார்த்துவிடுவேன் போலிருக்கிறது.