12ஏ இல்லாத சின்ன சங்கத்துக்கு நம்ம குடும்ப ட்ரஸ்ட் உதவ முடியாதா?

செவ்வாய்ப்பேட்டையில இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. அப்பா பேர்ல குடும்ப ட்ரஸ்ட் இருக்கு, 12ஏ (ட்ரஸ்ட் வருமானத்துக்கு வரி விலக்கு தர்ற பதிவு), 80ஜி (நன்கொடை கொடுக்கறவங்களுக்கு வரிச் சலுகை தர்றது) ரெண்டும் வாங்கியாச்சு, வருஷம் 10 லட்சம் ஏற்காடு மலை கிராமங்களுக்கு கொடுக்கணும், அமெரிக்காவுல இருக்கற தம்பியும் பணம் போடறாரு. வாழவந்தி பக்கம் சாயங்காலம் டியூஷன் நடத்துற ஒரு சங்கம் நல்லா பண்றாங்க, ஆனா சொசைட்டியா பதிவு பண்ணினதோட சரி, 12ஏ இல்ல. ஆடிட்டர் வேண்டாங்கறாரு, என்ன பண்ணலாம்?

அண்ணா, உங்க ஆடிட்டர் பயப்படறதுல நியாயம் இருக்குங்க. வரி விலக்கு கிடைக்கணும்னா ட்ரஸ்ட் வருமானத்துல 85 சதவீதம் தர்ம காரியத்துக்கு செலவாகணும், 12ஏ இருக்கற இன்னொரு ட்ரஸ்ட்டுக்கு 10 லட்சம் கொடுத்தாலே 2023 பட்ஜெட்டுக்கு அப்புறம் எட்டரை லட்சம்தான் கணக்குல எடுத்துப்பாங்க, கார்பஸ்னு (செலவு பண்ணாம மூலதனமா வெச்சுக்கற நிதின்னு) எழுதி கொடுத்தா அதுவும் கிடையாது. 12ஏ பதிவே இல்லாத சங்கத்துக்கு செக் போட்டா வருமான வரி அசெஸ்மென்ட்ல கேள்வி வரும்.

ஆனா அதுக்காக அவங்களை விட்டுடாதீங்க. டியூஷன் சென்டரை உங்க ட்ரஸ்ட்டோட சொந்த வேலையா நடத்துங்க, அதாவது சொல்லிக் கொடுக்கற பொண்ணுங்களுக்கு சம்பளம் உங்க அக்கவுண்ட்ல இருந்து நேரா அவங்க பேங்க்குக்கு போகட்டும், நோட்டு, சோலார் லைட், சுண்டல் எல்லாத்துக்கும் பில் உங்க ட்ரஸ்ட் பேர்ல வரட்டும், இடத்தை பாத்துக்கறது, பிள்ளைங்களை கூட்டிட்டு வர்றதை சங்கம் செய்யட்டும். இதை ஒரு ஒப்பந்தமா எழுதி ட்ரஸ்டி மீட்டிங்ல தீர்மானமும் போட்டுருங்க. உங்க ட்ரஸ்ட் பத்திரத்துல கல்விங்கற நோக்கம் இருக்கான்னு மட்டும் முதல்ல பாருங்க. மலையில கேஷாவே கேப்பாங்க, ஒருத்தருக்கு ஒரே நாள்ல 10,000-க்கு மேல கேஷ் போனா அந்த செலவு கணக்குல நிக்காது.

இன்னொண்ணு, மனசுல பட்டதை சொல்றேன். நிறைய குடும்ப ட்ரஸ்ட்டுங்க மலைக்கு வந்தா கட்டடம் கட்டி கல்வெட்டு வெச்சுட்டு போயிடறாங்க, அடுத்த வருஷம் அங்க சொல்லிக் கொடுக்க ஆள் இருக்காது. காபி பழம் எடுக்கற சீசன்ல, நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும், அப்பா அம்மா விடியறதுக்குள்ள எஸ்டேட்டுக்கு கிளம்பிடுவாங்க, பெரிய பிள்ளை சின்னதைப் பாத்துக்க வீட்லயே நின்னுரும், அப்போ வீடு வீடா போய் கூப்பிடற அந்த ஒரு டீச்சரம்மாதான் சென்டரே. அவங்க சம்பளத்துக்கு மூணு வருஷம் உறுதி கொடுங்க, வருஷா வருஷம் இழுத்தடிக்காதீங்க. நீங்க பாக்கப் போறதும் அந்த சீசன்லயே போங்க, சொல்லாம போங்க, எத்தனை பிள்ளைங்க வந்திருக்குன்னு உங்க கண்ணாலயே தெரிஞ்சிரும்.

அமெரிக்கா தம்பியும் பணம் போடறாருன்னு எழுதியிருக்கீங்க. இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான்னா அவரோட சம்பாத்தியத்தை வாங்கலாம், அந்த நாட்டு குடியுரிமை வாங்கிட்டாருன்னா அது வெளிநாட்டுப் பணம், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை வாங்க மத்திய அரசு தர்ற அனுமதி) இல்லாம ஒரு ரூபா தொடக்கூடாது. எஃப்சிஆர்ஏ இருந்தாலும் 2020 திருத்தத்துக்கு அப்புறம் அந்தப் பணத்தை இன்னொரு சங்கத்துக்கு மாத்தி விட முடியாது.

இந்த வருஷமே அந்த சங்கத்துக்கு கணக்கு எழுத ஒரு ஆளைப் போட்டு ஆடிட்டும் பண்ண வையுங்க, அந்த ஃபீஸையும் நீங்களே கட்டுங்க. கணக்கு சரியா இருந்தாத்தான் அவங்க 12ஏ-வுக்கு அப்ளை பண்ண முடியும், அது கைக்கு வந்துட்டா அப்புறம் நேரா செக்கே கொடுக்கலாங்க.