617 ஸ்குவாட்ரன்: அணை உடைத்த இரவும் அதன் பிறகும் – கேள்வி பதில்

கே: இந்தப் படையணி எதற்காகத் தொடங்கப்பட்டது?

ஒரே ஒரு வேலைக்காக: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் மேற்குப் பகுதியிலிருந்த மோனே, எடர், சோர்பே போன்ற பெரிய அணைகளை உடைப்பதற்கு. 1943 மார்ச்சில் ஸ்காம்ப்டன் தளத்தில் பிரிட்டிஷ் விமானப்படை இதை அமைத்தது. தலைவர் கய் கிப்சன். மே 16 இரவு 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிவிட்டன. பயிற்சிக்குக் கிடைத்தது இரண்டு மாதத்துக்கும் குறைவு.

கே: நாலு டன் குண்டு தண்ணீர்மேல் எப்படித் தத்திப் போகும்?

குளத்தில் ஓட்டுச்சில்லு வீசுவதுபோலத்தான். ஆனால் இங்கே சுழற்சி பின்பக்கமாக. பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த அந்தக் குண்டு ஓர் உருளை: எடை சுமார் 4,200 கிலோ, அதில் 3,000 கிலோ டார்பெக்ஸ் வெடிமருந்து. போடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே மோட்டார், பெல்ட் வைத்து நிமிடத்துக்கு 500 சுற்று சுழலவிடுவார்கள். டார்பிடோவைத் தடுக்க நீரில் கட்டிய வலைகளைத் தாண்டிச் சுவரில் மோதிய பிறகும் அந்தச் சுழற்சி தொடர்வதால், குண்டு விலகிப் போகாமல் சுவரை ஒட்டியே மூழ்கும். 30 அடி ஆழத்தில் நீரழுத்த விசை அதை வெடிக்க வைக்கும். சுற்றியுள்ள தண்ணீரே அதிர்ச்சியைச் சுவர்மேல் தள்ளிவிடும். வெடிமருந்தின் அளவைவிட இந்த ஒட்டுதல்தான் முக்கியம்.

கே: இருட்டில் 60 அடி உயரத்தை எப்படிப் பிடித்தார்கள்? ஆல்டிமீட்டர் (உயரமானி) போதாதா?

போதாது. அது காற்றழுத்தத்தை வைத்துக் காட்டுவது. அவ்வளவு தாழ்வில் நம்ப முடியாது. முதலில் திட்டமிட்டது 150 அடி. சோதனையில் குண்டின் வெளிக்கூடு நீரில் பட்டுச் சிதறியதால் 60க்கு இறக்கினார்கள். மூக்குப் பகுதியில் ஒன்று, வயிற்றின் பின்பக்கம் ஒன்று என்று இரண்டு விளக்குகள். சரியாக 60 அடியில் இரண்டு ஒளிவட்டமும் தண்ணீரில் ஒட்டி 8 போலத் தெரியும். வழி கணிக்கும் நேவிகேட்டர் வலப்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்து "இறக்கு, இறக்கு" என்று சொல்லிக்கொண்டே வருவார். கீழே இருக்கும் ஜெர்மன் பீரங்கிக்காரனுக்கும் அந்த விளக்கு தெரியும். அது தெரிந்தே போனார்கள்.

அணைக்குள்ள தூரத்தைக் கணிக்க, இரண்டு ஆணி அடித்த மரத்துண்டு. மோனே அணையின் இரு கோபுரங்களும் ஆணிகளோடு நேர்கோட்டில் வந்தால் குண்டை விட வேண்டும். விமான அதிர்வில் கை ஆடியதால் சிலர் கண்ணாடியில் குறியிட்டு, நூல் கட்டிப் பார்த்தார்கள்.

கே: மோனே ஒரே குண்டில் உடைந்ததா? சோர்பே ஏன் தப்பியது?

மோனேவில் ஐந்தாவது குண்டு, எடரில் மூன்றாவது. அவை கற்கட்டுச் சுவர்கள். சோர்பே நடுவில் கான்கிரீட் வைத்த மண்ணணை. அதிர்ச்சியை மண் வாங்கிக்கொள்ளும். சுழற்றாமல் அணையின் நீளவாக்கில் பறந்து இரண்டு குண்டு போட்டும் மேற்பகுதிதான் சேதமானது.

கே: இழப்புக்கு ஏற்ற பலன் கிடைத்ததா?

8 விமானங்கள் திரும்பவில்லை, 53 பேர் இறந்தார்கள். கீழே வெள்ளத்தில் இறந்தவர்கள் 1,300க்கும் மேல்; அவர்களில் பலர் கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்ட வெளிநாட்டவர்கள். இதை விட்டுவிட்டு அந்த இரவைப் புகழ்வது நியாயமில்லை. மோனே செப்டம்பருக்குள் மறுபடி கட்டப்பட்டுவிட்டது. போர்க்காலத்தில் அதற்கு ஆளும் பொருளும் திருப்பிவிட வைத்ததுதான் உண்மையான பலன் என்பேன்.

கே: பிறகு ஏன் தாழப் பறப்பதை விட்டார்கள்?

அதே செப்டம்பரில் ஜெர்மனியின் டார்ட்மண்ட்–எம்ஸ் கால்வாய்க்குத் தாழ்வாகப் போன 8 விமானங்களில் 5 திரும்பவில்லை. அதன் பின் உயரம், துல்லியம் என்று வழி மாறியது. தானியங்கிக் குறிபார்ப்புக் கருவி வந்தது. ஆனால் குண்டை விடும்வரை வேகமும் உயரமும் துளி மாறாமல் நேராகப் பறந்தால்தான் அது பலிக்கும். லெனார்டு செஷயர் தலைவரான பிறகு அவரே தாழ்ந்து போய் இலக்கில் அடையாள விளக்கு போடுவார். பிரான்ஸின் லிமோஜ் தொழிற்சாலையில் பிரெஞ்சுத் தொழிலாளிகள் வெளியேற வேண்டும் என்று மூன்று முறை தலைக்குமேல் பறந்து காட்டிய பிறகுதான் தாக்கினார். என் கணக்கில் இந்தப் படையணியின் பெரிய சாதனை அணையல்ல, இந்த 1944ஆம் ஆண்டு வேலைதான்.

கே: டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கியது?

1944 நவம்பர் 12, நார்வேயின் டிராம்சோ அருகே, 9ஆம் எண் ஸ்குவாட்ரனோடு சேர்ந்து. ஆயுதம் 5,400 கிலோ டால்பாய் குண்டு. தூரம் எட்ட, விமானத்தின் முதுகில் இருந்த துப்பாக்கிக் கோபுரத்தைக் கழற்றி, கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்தார்கள். இரண்டு வாரம் முன்பு மேகம் மறைத்துத் தோற்றார்கள்; அன்று வானம் தெளிவு, கப்பல் கவிழ்ந்தது.

கே: இந்தியாவுக்கு வந்ததுண்டா? இப்போதும் இருக்கிறதா?

1946 தொடக்கத்தில் சில மாதம் வங்காளத்தின் டிக்ரி தளத்தில் இருந்தது. பிறகு லிங்கன், கான்பெரா, வல்கன், டொர்னேடோ விமானங்களை ஓட்டியது. 2018 முதல் மார்ஹாம் தளத்தில் எஃப்-35பி போர் விமானங்களை ஓட்டுகிறது.