ஏரியில் பழகியவர் கடலலைக்குள் இறங்கலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவின் ஏரிகளில் சில ஆண்டுகளாக விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றின் விசையால் நீரில் சறுக்குவது) செய்துவருகிறேன். வரும் ஜூன் மாதம் குடும்பத்துடன் ஹவாயின் மாவி தீவுக்குச் செல்கிறோம். அங்கே ஹூக்கிபா கடற்கரையில்தான் இறங்க வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். கடலலைக்குள் முதல்முறை செல்பவர் எவற்றைக் கவனிக்க வேண்டும்? தலைக்கவசம் உண்மையிலேயே தேவையா?
- வாசகர், சான் ஹோசே

பதில்: ஹூக்கிபாவை இம்முறை கரையில் நின்று பார்த்து ரசியுங்கள். அங்கே காற்று அடித்துச் செல்லும் திசையில் கரும்பாறைகள் இருக்கின்றன. பலகையைத் தவறவிட்டவரின் பாயும் பாய்மரமும் அவற்றில்தான் போய் மோதும். இறங்குவதற்கு ஏற்ற இடம் கஹுலுய் விமான நிலையத்தை ஒட்டியுள்ள கனாஹா கடற்கரை. வெளியே உள்ள பாறைத்திட்டு அலையை உடைத்துவிடுவதால், கரைக்கு அருகே நீர் ஓரளவு அடங்கியிருக்கும். காலை 11 மணிக்கு முன் அங்கே விண்ட்சர்ஃபிங்குக்கு அனுமதியில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுத்திருப்பதும் நல்லதே: வடகிழக்கு வியாபாரக் காற்று கோடையில் சீராக வீசும், வட பசிபிக் புயல்கள் அனுப்பும் பேரலைகள் குளிர்காலத்துக்கு உரியவை. ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். ஹவாய்க்காரர்கள் அலையின் உயரத்தைப் பின்புறமிருந்து கணிக்கும் வழக்கமுடையவர்கள்; அவர்கள் மூன்று அடி என்று சொல்லும் அலை, எதிரே நிற்கும் உங்களுக்கு ஏறத்தாழ ஆறு அடியாகத் தெரியும்.

பாயைக் கயிற்றால் இழுத்து நிமிர்த்தும் ஏரிப் பழக்கம் அலைக்குள் உதவாது. நிமிர்த்தி முடிப்பதற்குள் அடுத்த அலை உங்களைக் கவிழ்த்துவிடும். நீரில் கிடந்தபடியே காற்றைப் பாயில் பிடித்து எழும் வாட்டர்ஸ்டார்ட், இடம் வலம் இரு பக்கமும் தடுமாற்றமின்றி வராதவர் இன்னும் சிறிது காலம் ஏரியிலேயே பழகுவது நல்லது என்பது என் கருத்து. பலகையும் சற்றுப் பெரிதாக இருக்கட்டும்: உங்கள் எடை எத்தனை கிலோவோ, அதைவிடப் பத்து முதல் இருபது லிட்டர் கூடுதலான கொள்ளளவு போதும்.

இறங்குமுன் கரையில் அமர்ந்து கடலைப் பாருங்கள். அலைகள் கூட்டமாக வந்துவிட்டுச் சிறிது நேரம் ஓயும். அந்த ஓய்வில்தான் புறப்பட வேண்டும். நுரையலை எதிர்ப்படும்போது ஹார்னஸ் (உடலைப் பாயோடு இணைக்கும் இடுப்புப் பட்டை) கொக்கியைக் கழற்றிவிட்டு, பலகையின் முனை அலையை நேரே நோக்கும்படி திருப்பி, முழங்காலை மடக்கி, பின்காலில் எடையை மாற்றி முனையை உயர்த்துங்கள். பலரும் அச்சத்தில் வேகத்தைக் குறைப்பார்கள். வேகமில்லாத பலகையை நுரை பின்னுக்குத் தள்ளிவிடும். பெரிய அலையின் மறைவில் காற்று திடீரெனக் குறையும் என்பதால், அலைக்கு முன்பே வேகம் சேர்த்துக்கொள்வது அவசியம்.

விழுந்தால் பலகைக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். அலை பலகையைத் தூக்கி உங்கள்மீது எறியும். நேரம் இருந்தால் பாய்மரத்தின் நுனிவரை நீந்தி, நுனி கடலை நோக்கியும் பலகை கரையை நோக்கியும் இருக்குமாறு பிடித்துக்கொள்ளுங்கள். அப்போது அலை மரத்தின் நீளவாக்கில் ஓடிவிடும். குறுக்கே கிடக்கும் மரத்தை ஒரே அலை முறித்துவிடக்கூடும். தலைக்கு மேல் எழும் அலையென்றால் கருவியை விட்டுவிட்டு மூழ்குங்கள்.

திரும்பும்போது அலைமுகத்தில் சறுக்கும் ஆசையை இந்தப் பயணத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு, உடைந்த நுரைக்குப் பின்னாலேயே மெதுவாக வாருங்கள். எதிரே வெளியே செல்பவருக்கு வழிவிட வேண்டியது உள்ளே வருபவரின் கடமை.

தலைக்கவசம் கட்டாயம் தேவை. கவணிலிருந்து எறிந்த கல்போல் தலைகீழாக வீசப்படும்போது பூமும் (பாயைப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிச் சட்டம்) மரமும் முதலில் தாக்குவது தலையைத்தான். நீருக்கடியில் பாறைத்திட்டும் இருக்கிறது. காலுக்கு ரப்பர் காலணியும் எடுத்துச் செல்லுங்கள்.