நண்டு கேமின் கவர் படத்துக்கு 35,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: நானும் என் நண்பரும் சேர்ந்து சின்னதாக ஒரு ஆர்கேட் கேம் செய்திருக்கிறோம். அடுத்த அலை வருவதற்குள் சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு நண்டு வளைக்குள் ஓடிவிட வேண்டும், அவ்வளவுதான். கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் பக்கம் திறந்து நான்கு மாதம் ஆகிறது, பிறகு வாங்கலாம் என்று ஆட்கள் குறித்துவைக்கும் விஷ்லிஸ்ட் ஏறவே இல்லை. கவர் படம்தான் காரணம் என்கிறார்கள். இணையத்தில் பழக்கமான ஒருவர், 35,000 ரூபாய்க்குப் புதுக் கவர் வரைந்து, விஷ்லிஸ்டுக்கும் கேரண்டி தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா, இல்லை நாங்களே திருத்திக்கொள்ள முடியுமா? இப்போதைய படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: நல்ல ஓவியர் 35,000 கேட்டால் அதில் தவறில்லை. ஆனால் விஷ்லிஸ்டுக்கு கேரண்டி தருகிறவர் ஓவியரே இல்லை, தரகர். அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இத்தனை பேர் விஷ்லிஸ்டில் சேர்ப்பார்கள் என்று வரைகிறவர் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. எண்ணிக்கையை உறுதியாக ஏற்றிக் காட்ட வேண்டுமென்றால் போலிக் கணக்குகள்தான் வழி, அந்தக் கணக்குகள் கேமை வாங்கப்போவதில்லை. இந்த ஆட்கள் ஓவியரிடம் கால்வாசிப் பணத்துக்கு வேலை வாங்கி உங்களிடம் விற்பார்கள். வரைந்தது யாரென்றே உங்களுக்குத் தெரியாது. அதனால் வரும் சிக்கலைக் கீழே சொல்கிறேன்.

படத்தின்மேல் பழி போடும் முன், கேம் செய்பவர்களுக்கு ஸ்டீம் தரும் ஸ்டீம்வொர்க்ஸ் தளத்தில் டிராஃபிக் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் படம் எத்தனை முறை காட்டப்பட்டது, அதைப் பார்த்து எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று இரண்டும் அங்கே இருக்கும். நிறைய முறை காட்டப்பட்டும் யாரும் வரவில்லை என்றால் கவர்தான் குற்றவாளி. காட்டப்படவே இல்லை என்றால் எந்த ஓவியரும் உங்களைக் காப்பாற்ற முடியாது, கேமை வெளியே சொல்லும் வேலை பாக்கி இருக்கிறது. உள்ளே வந்தவர்கள் விஷ்லிஸ்டில் சேர்க்காமல் போனால் டிரெய்லரையும் ஸ்கிரீன்ஷாட்டையும் பாருங்கள்.

சரி, படத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பியதில் ஒரு நண்டு, ஒரு காகம், மூன்று மீன், ஒரு படகு, மறையும் சூரியன் எல்லாம் இருக்கின்றன. கூடவே ‘50 லெவல்’ என்று ஒரு வரி, கல்லூரிப் போட்டியில் வாங்கிய பரிசின் முத்திரை. பெரிய திரையில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையில் அதை யாரும் அந்த அளவில் பார்ப்பதில்லை. கவர் படத்தை ஸ்டீமில் கேப்ஸ்யூல் என்பார்கள். பட்டியல்களில் வரும் சின்ன கேப்ஸ்யூலை நீங்கள் 462-க்கு 174 பிக்சலில் ஏற்றுகிறீர்கள். ஸ்டீம் அதைச் சுருக்கி, சில பட்டியல்களில் 120-க்கு 45 பிக்சலில் காட்டுகிறது. அந்த இடத்தில் உங்கள் நண்டு ஒரு சிவப்புப் புள்ளி, பெயர் ஒரு கீறல்.

சிவகாசித் தீப்பெட்டி லேபிளைப் பாருங்கள். ஒரு உருவம், ஒரு பெயர், அடிக்கிற நிறம், அதற்குமேல் எதுவும் கிடையாது. உங்களுக்கும் அவ்வளவு இடம்தான்.

எனவே காகம், மீன், படகு, சூரியன் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கேமில் மூச்சு முட்டும் நொடி எது? அலை தலைக்குமேல் எழும்பி நிற்க, நண்டு சிப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடும் அந்த நொடி. அதை மட்டும் வரையுங்கள். நண்டு படத்தில் பாதியை அடைத்துக்கொள்ளட்டும், கண்ணும் கொடுக்கும் தெளிவாகத் தெரியட்டும். ஓட்டம் சாய்கோட்டில் போகட்டும், நேராக நிற்கவைத்தால் ஆர்கேட் விறுவிறுப்பு செத்துவிடும். ஸ்டீமின் பின்னணி ஏற்கெனவே கருநீலம். அதன்மேல் உங்கள் இரவுக் கடல் ஓரம் தெரியாமல் கரைந்துபோகிறது. பகல் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். மஞ்சள் மணல், பச்சை அலை, சிவப்பு நண்டு போதும். பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நண்டும் அலையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறம் உங்களை ஏமாற்றியிருக்கிறது.

பெயரின் எழுத்து ஒல்லியாக இருக்கக் கூடாது. சின்ன கேப்ஸ்யூலில் பெயரே ஏறக்குறைய முழு இடத்தையும் அடைக்க வேண்டும். நண்டின் ஒரு கொடுக்கு எட்டிப் பார்த்தால் அங்கே அது போதும். ஒரே படத்தை எல்லா அளவுக்கும் வெட்டி ஒட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. கடையில் கேமின் பக்கத்தில் மேலே வரும் ஹெட்டர் 920-க்கு 430, நெட்டையான கேப்ஸ்யூல் 748-க்கு 896, வாங்கியவரின் கேம் தொகுப்பான லைப்ரரிக்கு 600-க்கு 900, அதே லைப்ரரியில் அகலமாக வரும் ஹீரோ 3840-க்கு 1240. ஹீரோவில் எழுத்தே கூடாது, லோகோவைத் தனியாக ஏற்ற வேண்டும். இரண்டு பேர் செய்கிற நண்டு கேமுக்கு இத்தனை அளவில் படமா என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

‘50 லெவல்’ என்ற வரியும் பரிசு முத்திரையும் போயே ஆக வேண்டும். 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீமில் கவர் படத்தில் கேமின் பெயரும் அதிகாரபூர்வத் துணைத்தலைப்பும் மட்டும்தான் எழுத்தாக வரலாம். விருது, விமர்சன மதிப்பெண், தள்ளுபடி எதுவும் கூடாது. மீறினால் கடையில் உங்கள் கேம் தெரிவதைக் குறைக்கலாம், தள்ளுபடி விற்பனையில் சேர்க்காமலும் விடலாம். தரகர்களுக்கு இந்த விதி தெரியாது, அல்லது தெரிந்தும் ‘எல்லாரும் போடுகிறார்கள் சார்’ என்பார்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைத்தான் எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். கேமில் புதிதாக ஏதாவது சேர்க்கிறீர்கள், உதாரணமாகப் புயல் லெவல்கள். அப்போது ‘புயல் வந்துவிட்டது’ என்று படத்தில் எழுதலாம். ஆனால் மூலப் படத்தில் எழுதக் கூடாது. ஆர்ட்வொர்க் ஓவர்ரைடு என்று தனியாக ஒரு வசதி இருக்கிறது, அதில் தற்காலிகப் படமாக ஏற்ற வேண்டும். அதிகபட்சம் ஒரு மாதம் இருக்கும், முடிந்ததும் பழைய படம் தானாகத் திரும்பிவிடும். கேம் எந்தெந்த மொழிகளில் இருக்கிறதோ, அந்த வாசகமும் அத்தனை மொழிகளிலும் இருக்க வேண்டும். அங்கேயும் விருதையும் தள்ளுபடியையும் நுழைக்க முடியாது. உங்கள் வேறொரு கேமுக்கு விளம்பரமும் செய்ய முடியாது. ஓவர்ரைடில் போட்டதை மறுநாள் மூலப் படத்திலும் ஏற்றிவிட்டு, ‘அனுமதி உண்டே’ என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அனுமதி அந்த ஒரு மாதத்துக்குத்தான்.

இன்னொரு பொறி: கேமில் இல்லாததைக் கவரில் வரைவது. உங்களுடையது பிக்சல் நண்டு. தரகர் காட்டிய மாதிரிப் படமோ ஏதோ கடற்போர் சினிமா போஸ்டர் போலிருக்கிறது. 1970, 80-களில் அட்டாரி கேம் பெட்டிகளில் பிரமாண்ட ஓவியம் இருக்கும், உள்ளே நாலு கட்டங்கள் நகரும். அன்று அது செல்லுபடியானது. இன்று ஸ்கிரீன்ஷாட் பக்கத்திலேயே இருக்கிறது. மேலும், ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்களுடையது போன்ற சின்ன கேமை அதற்குள் ஆடியே முடித்துவிடலாம். கடற்போரை நம்பி வந்தவர் நிச்சயம் திருப்பிக் கேட்பார்.

ஓவியரை வைத்து வரையப் போகிறீர்கள் என்றால் அவரிடமே நேராகப் பேசுங்கள், எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். காசு கொடுத்தால் படம் நம்முடையது என்று நினைத்துவிடாதீர்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, உரிமையை மாற்றித் தருவது கையெழுத்திட்ட எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எழுத்தில் இருந்தும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உலகமெங்கும் விற்கும் கேமுக்கு அது போதாது. ‘உலகம் முழுவதற்கும், பதிப்புரிமை உள்ள காலம் முழுவதற்கும்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். தரகரிடம் வாங்கினால், அவருக்கே இல்லாத உரிமையை அவர் எப்படித் தருவார்?

லேயர் (அடுக்கு) பிரியாத ஜேபிஜி கொடுத்தால் வாங்காதீர்கள். நண்டு, அலை, பெயர் மூன்றும் தனித்தனி லேயரில் உள்ள பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் கோப்பு) வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன அளவுகளுக்கு ஒவ்வொரு முறையும் அவரிடமே போய் நிற்பீர்கள். எழுத்துருவுக்கு வணிக உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏஐ வைத்துச் செய்த படமென்றால் ஸ்டீமின் உள்ளடக்கப் படிவத்தில் நீங்கள் சொல்லியாக வேண்டும். அதனால் எதில் செய்தார் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

நீங்களே செய்ய முடியுமா என்றால், முதல் சுற்றுக்கு முடியும். ஸ்டீமின் புதிய வெளியீடுகள் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நடுவில் உங்கள் படத்தை அதே அளவில் ஒட்டுங்கள். கேமைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் போனில் காட்டிவிட்டு உடனே வாங்கிக்கொண்டு, என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். வீட்டாரிடம் கேட்காதீர்கள், அவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கூகுள் பிளேயில் இதற்கெல்லாம் இலவசமாகவே ஒரு சோதனை வசதி இருக்கிறது: இரண்டு ஐகானை ஏற்றினால் எது அதிகம் இன்ஸ்டால் கொண்டுவருகிறது என்று அதுவே சொல்லும். விற்கும் ஒவ்வொரு கேமிலும் பங்கு எடுத்துக்கொள்ளும் ஸ்டீமுக்கு அதைச் செய்துகொடுக்க மனம் வரவில்லை.

அதற்குப் பிறகும் ஓவியர் தேவைப்பட்டால், முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். வண்ணம் தீட்டிய மாதிரியையும் கேட்காதீர்கள். கறுப்பு வெள்ளையில் மூன்று ஸ்கெட்ச், ஒவ்வொன்றும் 120 பிக்சல் அகலத்தில், அதற்கு மட்டும் தனியாக ஒரு தொகை. அந்த அளவில் நண்டு தெரியாவிட்டால் அந்தத் தொகையோடு நிறுத்திக்கொண்டு வேறு ஆளைப் பாருங்கள்.