மேஜிக் வரலாற்று நூல்களுக்கு ஏன் இத்தனை விலை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

செப்படி வித்தைகளைப் பொழுதுபோக்காகப் பயின்றுவருகிறேன். பள்ளி ஆண்டுவிழாக்களிலும் நண்பர்களின் இல்ல விழாக்களிலும் நிகழ்ச்சி செய்வதுண்டு. அண்மைக் காலமாக மேஜிக் கலையின் வரலாற்றைச் சொல்லும் நூல்களைத் தேடிவருகிறேன். அவற்றின் விலை என்னை மலைக்க வைக்கிறது. ஐந்நூறோ ஆயிரமோ பிரதிகள் மட்டும் அச்சிடப்பட்ட ஒரு நூலை வெளிநாட்டிலிருந்து தருவித்தால் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போய்விடும். பழைய முதல் பதிப்புகளைப் பற்றி நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "எல்லா ரகசியமும் யூடியூபில் கிடைக்கிறது, செத்துப்போனவர்களின் கதைக்கு எதற்கு இவ்வளவு பணம்?" என்று என்னுடன் நிகழ்ச்சி செய்யும் நண்பர் கேட்கிறார். இன்னொரு நண்பரோ, பத்து ஆண்டில் விலை ஏறிவிடும், துணிந்து வாங்கு என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. இந்த நூல்களுக்கு உண்மையிலேயே அத்தனை மதிப்பு உண்டா?

கோ., திருச்சி

அன்புள்ள கோ.,

உங்கள் முதல் நண்பர் சொல்வதில் பாதி சரி. ரகசியங்களைத் தெரிந்துகொள்வதற்காக இந்த நூல்களை வாங்குவது வீண். ஆனால் அதற்குக் காரணம் யூடியூப் அல்ல. இந்தக் கலையில் ரகசியம் என்பது, அச்சு இயந்திரம் அதைத் தொட்ட நாளிலிருந்தே மலிவான சரக்காகத்தான் இருந்துவருகிறது.

ரெஜினால்ட் ஸ்காட் என்பவரின் 'தி டிஸ்கவரி ஆஃப் விட்ச்கிராஃப்ட்' 1584-இல் லண்டனில் வெளியானது. ஸ்காட் வித்தைக்காரர் அல்லர். கெண்ட் பகுதியைச் சேர்ந்த நிலக்கிழார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் ஹாப் கொடி பயிரிடுவதைப் பற்றி ஒரு கையேடு எழுதியவர். ஏழைக் கிழவிகளைச் சூனியக்காரிகள் என்று சொல்லித் தண்டிக்கும் வழக்கத்தைக் கண்டு மனம் கசந்து, மந்திரம் என்று மக்கள் நம்புவது பெரும்பாலும் மூடத்தனமும் ஏமாற்றும் என்று நிறுவுவதற்காக அந்த நூலை எழுதினார். அதன் 13ஆம் பாகத்தில் கைச்சாமர்த்தியத்தால் செய்யும் வித்தைகளை ஒவ்வொன்றாக விளக்குகிறார்: பந்தை மறைப்பது, நாணயத்தை இடம் மாற்றுவது, தலையை வெட்டித் தட்டில் வைப்பதுபோலக் காட்டுவது, நாக்கில் ஊசி குத்துவது. போலி ஊசிகளுக்கும் கத்திகளுக்கும் படங்களும் உண்டு. இவற்றை வெளிப்படுத்துவதால், இதை நம்பிப் பிழைக்கும் ஏழைகளின் தொழில் கெடுமே என்று அவர் வருந்துவதும் அதே பாகத்தில்தான் இருக்கிறது.

1612-இல் சாமுவேல் ரிட் என்பவர் அந்தப் பகுதியில் பெரும்பாலானவற்றை எடுத்துத் தம் பெயரில் வெளியிட்டார். 1634-இல் 'ஹோகஸ் போகஸ் ஜூனியர்' என்ற வித்தை நூல் வந்தது. அதன் பிறகு அடுத்த இருநூறு ஆண்டுகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதுதான் பெரும்பகுதி. ஆக, ஸ்காட்டின் முதல் பதிப்பு இன்று ஏலத்துக்கு வரும்போது பல்லாயிரம் டாலர் விலைபோவது அதிலுள்ள ரகசியங்களுக்காக அல்ல.

பிறகு எதற்காக? இங்கேதான் வரலாற்று நூல்களின் பயன் தொடங்குகிறது. ஸ்காட்டின் நூலை மன்னர் முதலாம் ஜேம்ஸ் எரிக்கச் சொன்னார், அதனால்தான் பிரதிகள் இவ்வளவு அரிது என்று விற்பனைப் பட்டியல்கள் சலிக்காமல் சொல்லிவருகின்றன. ஜேம்ஸ் தம்முடைய 'டீமனாலஜி' என்ற நூலில் (1597) ஸ்காட்டைப் பெயர் சொல்லிக் கண்டித்தது உண்மை. எரிக்க ஆணையிட்டதை உறுதிப்படுத்தும் சமகால ஆவணம் எதுவும் இல்லை. விலையை ஏற்றுவதற்கு இந்தக் கதை உதவுவதால் அது சாகாமல் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அதே நூலின் 1665ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெயர் தெரியாத யாரோ ஒருவர், ஆவிகளை அழைக்கும் சடங்குகளைக் கூறும் புதிய இயல்களைச் சேர்த்துவிட்டார். மந்திரத்தை மறுக்க எழுதப்பட்ட நூல், 80 ஆண்டுகளில் மந்திரம் செய்ய விரும்புவோர் வாங்கும் நூலாக மாறியது. 1930-இல் அதை 1,275 பிரதிகள் அடித்து மறுபடி வெளியிட்டபோது முன்னுரை எழுதிய மாண்டேகு சம்மர்ஸ், சூனியக்காரிகள் உண்மையிலேயே உண்டு என்று நம்பிய மனிதர்! ஒரு நூலின் வாழ்க்கையை இப்படிப் பின்தொடர வேண்டுமானால் எல்லாப் பதிப்புகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த ஒருவர் வேண்டும். நல்ல வரலாற்று நூலில் நீங்கள் விலை கொடுத்து வாங்குவது அந்த உழைப்பைத்தான்.

இதற்கு இன்னும் தெளிவான சான்று புகழ்பெற்ற அமெரிக்க வித்தைக்காரர் ஹூடினியின் கதை. பிரெஞ்சு வித்தைக்காரர் ராபர்ட்-ஊதானின் (Robert-Houdin) தன்வரலாறு 1858-இல் வந்தது. அதைப் படித்து மயங்கித்தான் எரிக் வைஸ் என்ற இளைஞர் தம் பெயரையே ஹூடினி என்று மாற்றிக்கொண்டார். அதே ஹூடினி 1908-இல் ஒரு தடித்த நூல் எழுதி, ராபர்ட்-ஊதான் தம்முடையவை என்று சொல்லிக்கொண்ட வித்தைகள் அவருக்கு முன்பே மற்றவர்கள் செய்தவை என்று வாதிட்டார். அவருக்கு இந்தத் துணிவைக் கொடுத்தவர் எவானியன் என்ற வயதான, வறுமையில் வாடிய ஆங்கில வித்தைக்காரர். 1904-இல் லண்டனில் இருவரும் சந்தித்தார்கள். நாடகக் கொட்டகை நோட்டீஸ்கள், நுழைவுச்சீட்டுகள், நிகழ்ச்சிப் பட்டியல்கள் என்று மற்றவர்கள் குப்பையில் எறிந்த காகிதங்களை எவானியன் வாழ்நாள் முழுவதும் சேர்த்துவைத்திருந்தார். ராபர்ட்-ஊதான் மேடையில் காய்க்க வைத்த ஆரஞ்சு மரத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே, லண்டன் சந்தைகளில் ஃபாக்ஸ் என்பவர் ஆப்பிள் மரத்தைப் பூக்கவும் காய்க்கவும் வைத்திருக்கிறார் என்பதை அத்தகைய பழைய சான்றுகளைக் கொண்டுதான் காட்ட முடிந்தது.

ஹூடினியின் நூலில் அவசரமும் வெறுப்பும் மிகுதி. அவருடைய தவறுகளைச் சுட்டிக்காட்டியே பின்னர் சர்தினா என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு மறுப்பு நூல் எழுதினார். ஆனால் இருவரும் வாதிடுவதற்கு ஒரு தரை இருந்தது. இன்ன வித்தை, இன்ன தேதியில், இன்ன ஊரில், இன்ன கட்டணத்தில் காட்டப்பட்டது என்று நோட்டீஸ் சொல்லும். எவானியனின் சேகரிப்பில் ஒரு பெரும்பகுதியை பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1895-இலேயே வாங்கிவிட்டது. இன்று அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. வித்தை எப்படிச் செய்யப்படுகிறது என்பதை யூடியூப் சொல்லிவிடும். யார் முதலில் செய்தார், எப்போது செய்தார், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைச் சொல்வதற்கு இத்தகைய காகிதங்களும், அவற்றைப் படித்து ஒழுங்குபடுத்தியவர்களும் வேண்டும்.

இது நமக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு செய்தி சொல்கிறேன். 1830 வாக்கில் சென்னையில் சேஷால் என்று ஆங்கிலேயர் குறித்துவைத்திருக்கும் ஒரு முதியவர், ஒரு சிறு பலகையும் மூங்கிலும் தோல் சுற்றிய ஒரு தண்டும் கொண்டு, காற்றில் அமர்ந்திருப்பதுபோல வித்தை காட்டினார். போர்வையால் மறைத்து அவரை ஏற்றுவார்கள். போர்வையை விலக்கும்போது ஒரு கையை மட்டும் தண்டின் மேல் வைத்தபடி தரையில் படாமல் இருப்பார். அதைப் பற்றிய விவரம் லண்டன் பத்திரிகைகளில் வெளிவந்தது. 1847-இல் ராபர்ட்-ஊதான் ஈதர் என்ற மயக்கமருந்தின் பெயரைச் சொல்லித் தம் மகனைக் காற்றில் கிடத்திய வித்தை இந்த மரபைச் சேர்ந்ததுதான். பெரும்பாலான பொது வரலாறுகள் சேஷாலை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. அதுபோலவே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனுக்குப் போய், வாள் விழுங்கியும் பந்துகள் எறிந்து பிடித்தும் புகழ்பெற்று, 1850-இல் அங்கேயே இறந்துபோன ராமோ சாமி. பெயரைப் பார்த்தாலே நம் பக்கத்து ராமசாமி என்று தோன்றும். அவர் எழுதிவைத்த நூல் எதுவும் இல்லை. அவர் வாழ்க்கையில் நமக்குத் தெரிந்தவை எல்லாம் நோட்டீஸ்களிலிருந்தும் செய்தித்தாள்களிலிருந்தும் பொறுக்கி எடுத்தவைதான்.

எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. கயிறு வானில் நிமிர்ந்து நிற்க, அதில் ஒரு சிறுவன் ஏறி மறைவதாகச் சொல்லப்படும் இந்தியக் கயிற்று வித்தை உலகப் புகழ் பெற்றது 1890 ஆகஸ்டில் சிகாகோ டிரிப்யூன் வெளியிட்ட ஒரு கட்டுரையால். அதை எழுதியவர் ஜான் வில்கி என்ற செய்தியாளர். கட்டுரை கற்பனை என்று அந்தப் பத்திரிகையே சில மாதங்களில் ஒப்புக்கொண்டது. கட்டுரை பரவிய வேகத்தில் மறுப்பு பரவவில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பீட்டர் லாமண்ட் 2004-இல் இதை ஒரு முழு நூலாக எழுதி விளக்கும்வரை, வானில் நின்ற கயிற்றை நம் பழம்பெருமையாகவே பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்றும் சொல்கிறார்கள். லாமண்டின் நூல் சாதாரண விலையில் கிடைக்கும் ஒன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயனுக்கும் விலைக்கும் நேரான தொடர்பு கிடையாது.

விலை எங்கிருந்து வருகிறது? இந்தத் துறையின் வாசகர்கள் உலகம் முழுவதும் சேர்த்தே சிறு கூட்டம். எழுதுபவர், பதிப்பிப்பவர், வாங்குபவர் எல்லோரும் பெரும்பாலும் வித்தைக்காரர்கள் அல்லது சேகரிப்பாளர்கள். வண்ணச் சுவரொட்டிகளை நல்ல தாளில் அச்சிட்டாக வேண்டும். ஆயிரம் பிரதி விற்றபின் மறுபதிப்புக்குத் தேவை இருப்பதில்லை. ஆகவே முதல் விலையே அதிகம். தீர்ந்தபின் அது இன்னும் ஏறுகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் பழைய முதல் பதிப்பின் விலை வேறு கணக்கு. எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் 1902-இல் சிகாகோவில் வெளியான சீட்டுக்கட்டு நூலின் முதல் பதிப்பு ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். அதே சொற்கள் சில நூறு ரூபாய் மறுபதிப்பிலும் இணையத்தில் இலவசமாகவும் இருக்கின்றன. ஆசிரியர் யார் என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியாததால், அதன் அச்சகம், உரிமைக் குறிப்பு, படம் வரைந்தவர் ஆகியவற்றை ஆராய்கிறவர்களுக்கு மட்டும் அந்த முதல் பதிப்பு ஒரு தடயமாகப் பயன்படும். உங்களுக்கும் எனக்கும் மறுபதிப்பே போதும்.

சில சமயம் பழையதைவிடப் புதியதே மேலானது. சிட்னி கிளார்க் என்ற ஆங்கில வழக்கறிஞர் 1924 முதல் 1928 வரை ஒரு மேஜிக் இதழில் தொடராக எழுதிய 'தி அனல்ஸ் ஆஃப் கஞ்சூரிங்' இந்தத் துறையின் அடித்தள நூல். அந்த இதழ்களைக் கட்டிவைத்திருப்பது சேகரிப்பாளருக்குப் பெருமை. ஆனால் 2001-இல் அமெரிக்காவில் படங்களோடும் குறிப்புகளோடும் வந்த பதிப்புதான் படிப்பவருக்கு ஏற்றது.

இரண்டாவது நண்பரின் யோசனையைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை. ஜான் முல்ஹாலண்ட் என்ற அமெரிக்க வித்தைக்காரரின் மாபெரும் நூலகம் 1980-களில் ஒரு செல்வந்தரின் கைக்குப் போய், அவருடைய வங்கி விழுந்தபோது கடன் ஈடான சொத்துகளில் ஒன்றாக அரசிடம் சிக்கியது. 1991-இல் அமெரிக்க வித்தைக்காரர் டேவிட் காப்பர்ஃபீல்ட் அதை 22 லட்சம் டாலருக்கு வாங்கினார். இன்று அது லாஸ் வேகாஸில் அவருடைய தனிப்பட்ட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொதுமக்கள் நினைத்த நேரத்தில் போய்ப் புரட்ட முடியாது. ஹூடினி தம் நூல்களில் ஏறத்தாழ 4,000-ஐ அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு எழுதிவைத்தார். ஆவி, அமானுஷ்யச் செய்திகளை ஆராய்ந்த ஆங்கிலேயர் ஹாரி பிரைஸ் தம் சேகரிப்பை லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். ஆராய்ச்சியாளர்களுக்கு அவை இன்றும் திறந்திருக்கின்றன. பெரிய பணம் இத்தகைய பெயர்பெற்ற சேகரிப்புகளில்தான் புரள்கிறது. 2021-இல் அமெரிக்க வித்தைக்காரர் ரிக்கி ஜேயின் சேகரிப்பு ஏலத்தில் சுமார் 38 லட்சம் டாலருக்குப் போனது என்றால், அதில் சுவரொட்டிகளின் அழகுக்கும் அவர் பெயருக்கும் பெரும் பங்கு உண்டு. நீங்கள் வாங்கும் ஆயிரம் பிரதி நூல் அந்த வரிசையில் சேராது. மலிவுப் பதிப்பு ஒன்று வந்தால் விலை இறங்கிவிடும். 2009-இல் மிகப் பெரிய அளவில், மிகுந்த விலைக்கு வந்த ஒரு மேஜிக் படத்தொகுப்புக்குப் பின்னர் மலிவுப் பதிப்பு வந்தது. போதாக்குறைக்கு நம் ஊர்ப் புழுக்கமும் இராமபாணப் பூச்சியும் முதலீட்டாளருக்கு இரக்கம் காட்டுவதில்லை.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது இது. ஸ்காட்டின் நூலை 1886-இல் 250 பிரதிகள் மட்டும் அச்சிட்டார்கள். அதன் படப்பிரதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. 13ஆம் பாகத்தைக் கையில் பந்தையும் நாணயத்தையும் வைத்துக்கொண்டு படியுங்கள். பழைய ஆங்கிலம் முதல் சில பக்கங்களுக்குத்தான் தடுக்கும். அடுத்து லாமண்ட். அதன் பிறகும் ஆர்வம் தணியாவிட்டால் கிளார்க்கின் 2001 பதிப்பைத் தேடுங்கள். பணத்தைச் சேர்த்துவைத்து வாங்கத் தகுந்தது அது. மற்ற விலையுயர்ந்த நூல்களை வாங்குவதற்கு முன் விற்பவரிடம் கடைசிப் பக்கங்களின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சான்றுக் குறிப்புகளும் பெயரடைவும் இல்லை என்றால், அட்டை தோலாலானது, ஆசிரியர் கையொப்பமிட்டது, எண்ணிடப்பட்டது என்று என்ன சொன்னாலும் விட்டுவிடலாம்.