காவலர் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கிறார்கள், கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: என் மகன் இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகி, ஏழு மாதப் பயிற்சி முடித்து, ஆயுதப்படையில் நான்கு மாதம் வேலை பார்த்தான். பயிற்சியில் கால் வீங்கியிருந்தபோதும் ஓடவிட்டார்கள். பாட்டி சாவுக்கு லீவு தரவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அரசு வங்கியில் எழுத்தர் வேலை கிடைத்ததும், ராஜினாமாவைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு அங்கே சேர்ந்துவிட்டான். இப்போது பயிற்சிச் செலவு ரூ.2,84,000-ஐ 15 நாளில் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. ஜாமீன் கையெழுத்துப் போட்ட என் மைத்துனருக்கும் வந்திருக்கிறது. போலீசுக்குப் பயிற்சி கொடுப்பது அரசின் கடமைதானே? அந்தச் செலவை நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?
- ஒரு தந்தை, விருதுநகர் மாவட்டம்

பதில்: ஐயா, உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் மகன் பட்ட பாடுதான். படிக்கும்போது மனசு கஷ்டப்பட்டது. ஆனால் இந்த நோட்டீஸுக்குப் பதில் சொல்ல அதில் ஒரு வரிகூட உதவாது. அப்போதே எழுத்தில் புகார் கொடுத்திருந்தால் அது வேறு. கொடுக்கவில்லை, விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் மகன் அனுமதி பெற்று விலகினாரா, தானாகப் போனாரா?

பயிற்சிச் செலவை அரசுதான் ஏற்க வேண்டும் என்பது என் கருத்தும்கூட. ஆனால் அது சட்டமன்றத்தில் பேச வேண்டிய பேச்சு. நீதிமன்றம் உங்கள் மகன் கையெழுத்துப் போட்ட பத்திரத்தைத்தான் பார்க்கும். நீங்கள் அனுப்பிய நகலில், சொன்ன காலம் வரை பணியாற்றாவிட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தருவேன் என்று தெளிவாக இருக்கிறது.

'இது கொத்தடிமை ஒப்பந்தம், செல்லாது' என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வாதத்தை நம்பி இறங்காதீர்கள். மூன்று ஆண்டு முடிக்காமல் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் விலகிய வங்கி அதிகாரியும் இன்னொரு வங்கிக்குத்தான் போனார்.

உங்கள் நிலை அதைவிடச் சிக்கலானது. ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி, பொதுவாக நியாயமான இழப்பீடு மட்டும்தான் கிடைக்கும். ஆனால் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. அரசின் உத்தரவுப்படி பொதுக் கடமைக்காக எழுதிக் கொடுத்த பத்திரத்தை மீறினால், அதில் சொன்ன தொகை முழுவதையும் கட்ட வேண்டும். அரசுடன் செய்யும் எல்லா ஒப்பந்தமும் பொதுக் கடமை ஆகிவிடாது என்ற விளக்கமும் அங்கேயே இருக்கிறது. உங்கள் வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். ஆனால் காவலர் வேலை பொதுக் கடமை இல்லை என்று எந்த நீதிபதியிடம் சொல்லி ஜெயிப்பது?

இதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் மைத்துனர். ஜாமீன்தாரர் என்றால் ஏதோ சாட்சிக் கையெழுத்து என்று நினைக்கிறார்கள். பத்திரத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, கடன்பட்டவருக்குள்ள அதே பொறுப்பு அவருக்கும் உண்டு என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு. முதலில் மகனைப் பிடியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள் என்று அவர் சொல்ல முடியாது. வருவாய் வசூல் சட்டப்படி வசூலிக்கலாம் என்றும் உங்கள் பத்திரத்தில் இருக்கிறது. அப்படியானால் கேஸ் போடாமலே கோப்பு தாசில்தாருக்குப் போகும். என்னிடம் வந்த ஒருவர் பக்கத்து வீட்டுப் பையனுக்காகக் கையெழுத்துப் போட்ட மளிகைக் கடைக்காரர். மகள் நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வீட்டுக் கதவில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பையன் வெளியூரில் வேலையில் இருந்தான், போனை எடுக்கவில்லை. வீட்டு வாசலில் நின்று அழுதவர் கடைக்காரர்தான்.

மூன்று வருஷம் ஓட்டிவிட்டால் காலாவதி ஆகிவிடும் என்று காத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நமக்குத்தான் மூன்று வருஷம். அரசு வழக்குப் போட 30 ஆண்டு அவகாசம் இருக்கிறது.

அடுத்தது வங்கி வேலை. தபாலில் போட்டுவிட்டால் ராஜினாமா ஆகிவிடாது, அதை ஏற்க வேண்டும். ஏற்கும் முன் 21 நாள் வராமல் இருந்தால், தமிழ்நாடு காவல் துறையில் 'பணியை விட்டோடியவர்' என்று பெயரை எடுத்துவிடுவார்கள். வங்கி எழுத்தருக்கு ஆறு மாதம் புரொபேஷன், அதாவது தகுதிகாண் காலம். முந்தைய அரசுப் பணி பற்றிய கேள்விக்கு உங்கள் மகன் என்ன எழுதிக் கொடுத்தார்? 'இல்லை' என்று எழுதியிருந்தால், இந்த 2,84,000-ஐவிடப் பெரிய இழப்பு அங்கே காத்திருக்கிறது. இந்த நிலைமையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டு, 'பணியை விட்டோடியவர்' என்ற வரியை நீங்களே கோப்பில் ஏற்றி வைக்காதீர்கள்.

அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். ஆனால் கேட்ட தொகையை அப்படியே கட்டிவிட வேண்டாம். எந்த இனத்துக்கு எவ்வளவு என்று கணக்கு விவரம் எழுதிக் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டத்திலும் ஒரு மனு போடுங்கள். மகனின் சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். மெஸ்ஸுக்கு மாதாமாதம் பிடித்த பணத்தையே மறுபடி செலவுக் கணக்கில் காட்டியிருந்தால் அதைக் கழிக்கச் சொல்லலாம். ஆயுதப்படையில் வேலை பார்த்த நான்கு மாதச் சம்பளத்தைச் சேர்த்திருந்தால் அதையும் ஏற்காதீர்கள், அது உழைத்து வாங்கியது.

மீதியைத் தவணையில் கட்டுகிறோம், ராஜினாமாவை ஏற்று விடுவிப்பு ஆணை கொடுங்கள் என்று ஒரே மனுவில் கேளுங்கள். மத்திய அரசுப் பணியில், முன் அனுமதியோடு இன்னொரு அரசு அல்லது பொதுத்துறை வேலைக்குப் போனால் பத்திரத் தொகையை வசூலிக்காமல், மீதிக் காலத்துக்குப் புதுப் பத்திரம் வாங்கும் முறை உண்டு. மகன் அனுமதி வாங்காததால் அதை உரிமையாகக் கேட்க முடியாது, சலுகையாகக் கேட்டுப் பார்க்கலாம். மனுவை மகன் நேரில் போய்க் கொடுக்கட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வர வேண்டாம்.

மைத்துனருக்கு வந்த தபால் உறையை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 15 நாள் கெடு அதிலுள்ள தேதியிலிருந்துதான் ஓடிக்கொண்டிருக்கிறது.